வைரம் பாய்ந்த பலகை

மலைமேல் இருந்த அந்தச் சிறிய மடத்தில் குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குரு பெரியநாயகியை எல்லோரும் அம்மா என்று அழைத்தார்கள். சீடர் ஏகாம்பரம் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரு அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

மடத்துக் கூடத்தின் தரை சிமெண்ட். அந்தக் குளிரில் எத்தனை பாய் விரித்தாலும் சில்லிப்பு மேலே ஏறிவிடும். ஏகாம்பரத்தின் மனைவி தெய்வானைக்கு மூட்டுவலி. உள்ளே நாற்காலி போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்கமாட்டார். குரு தரையில் இருக்கும்போது தான் உயரத்தில் உட்காருவதா என்பார். வெளி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்வார். அங்கே குருவின் பேச்சு பாதிதான் காதில் விழும். மீதியை வீட்டுக்குப் போனதும் ஏகாம்பரம் சொல்வார். தன் சொந்தச் சரக்கையும் கலந்துதான் சொல்வார்.

மரத்தரை போடலாம் என்று முடிவானது. இருந்த பணம் கொஞ்சம். ஆனாலும் மரம் வாங்கும் பொறுப்பை ஏகாம்பரம் கேட்டு வாங்கிக்கொண்டார். மனைவியை எப்படியாவது உள்ளே உட்கார வைத்துவிட வேண்டும் என்ற ஆசை.

கடை கடையாக ஏறி இறங்கினார். நல்ல பலகை விலை கட்டுப்படியாகவில்லை. கட்டுப்படியான பலகையைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால், மட்ட மரத்துக்குப் பூசிய சாயம் விரலில் ஒட்டியது. சோர்ந்துபோய்க் குருவிடம் வந்தார்.

"குறைஞ்ச பணத்துல நல்ல மரத்தை எப்படிம்மா தேர்ந்தெடுக்கிறது?"

"நல்ல மரம்னா எது ஐயா?"

"வைரம் இருக்கணும். நடுமரம் கருத்து இறுகிப் போயிருக்குமே, அதுதான். வெளிப்பக்கத்து வெள்ளையை வண்டு தின்னுடும். வைரத்துக்குள்ள எதுவும் நுழையாது."

"இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?"

ஏகாம்பரம் கொஞ்சம் தயங்கினார். "தம்பி. மேட்டுப்பாளையத்துல மரக்கடை வச்சிருக்கான்."

"அவரைக் கேட்டீங்களா?"

"அவன் முகத்துல முழிக்கிறதில்லைம்மா."

காரணம் பழையது. தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகன். அதில் ஏகாம்பரத்துக்குக் குறையில்லை. நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அண்ணனுக்காகத் தம்பி கனகசபை காத்திருக்கவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். பெற்றவளின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கிடைக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. கூடப்பிறந்தவனோடு இத்தனை வருஷம் வைரம் பாராட்டலாமா என்று தெய்வானை சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

குரு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை எல்லோரும் கூடத்தில் வந்து அமர்ந்த பிறகு, குரு வெளியே போனார். வராந்தாவில் தெய்வானைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்தே பேச ஆரம்பித்தார். உள்ளே இருந்தவர்கள் வாசல் பக்கம் நகர்ந்து நெருக்கிக்கொண்டு கேட்டார்கள். அன்று தெய்வானை மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டார். கேட்கும்போதே கண் நிறைந்து வழிந்தது.

சாரல் அடித்தது. ஏகாம்பரம் குடையோடு ஓடினார்.

"உள்ள வாங்கம்மா. சளி பிடிச்சுக்கும்."

குரு தெய்வானையைக் காட்டினார். "அவங்க வரும்போது வரேன் ஐயா."

அன்று மத்தியானமே ஏகாம்பரம் மலையிறங்கும் பஸ்ஸில் ஏறினார்.

கனகசபை கடையில் இருந்தார். வாங்கண்ணா என்று எழுந்தவர், நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இருவரும் மரத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். விலை ஏறுவது நீளத்தால்தான் என்றார் கனகசபை. நிலைக்கும் கதவுக்கும் அறுத்ததில் மிஞ்சிய தேக்குத் துண்டுகள் பின்னால் கிடந்தன. சாண் நீளம் முதல் முழ நீளம் வரை. இருக்கிற பணத்துக்கு இது போதும், இழைத்துச் சேர்த்தால் கூடம் நிறையும் என்றார். ஒவ்வொன்றாகப் புரட்டி, வெள்ளை ஓடியதைத் தள்ளி, வைரம் பாய்ந்ததை மட்டும் ஒதுக்கினார்.

ஒதுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னார். "அன்னிக்கு ஆத்துல தண்ணி ஏறிட்டே இருந்துச்சுங்கண்ணா. இன்னும் கொஞ்ச நேரம் போனா சுடுகாட்டுக்கே போக முடியாதுன்னாங்க."

ஏகாம்பரம் ஒரு துண்டைக் கையில் வாங்கி வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

தரை போட்டு முடிந்தது. முதல் நாள் தெய்வானை சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்தார். உட்கார்ந்து, உள்ளங்கையைப் பலகையில் வைத்துப் பார்த்தார். சில்லிப்பு இல்லை. குரு அவருக்கு எதிரே வந்து அமர்ந்தார்.

ஏகாம்பரம் மட்டும் உட்காராமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். குரு என்னவென்று கேட்டார்.

"தம்பி வந்திருக்கான்மா. செருப்பைக் கழட்டிட்டு வெளியிலேயே நிக்கிறான். நான் கூப்பிடலைன்னு நினைக்கிறான் போல."

"நீங்க கூப்பிடலையா?"

"வாய் வரலைம்மா."

குரு தரையைத் தொட்டுக் காட்டினார்.

"இது என்னது ஐயா?"

"வைரம்."

"அதைத்தான் கீழே போட்டாச்சே. போய்க் கூட்டிட்டு வாங்க."