ஏறிக் காட்டுங்க

வெற்றிவேலனின் ஸ்போர்ட்ஸ் பைக்கில் மெக்கானிக் அமலி அலுமினியப் பெட்டி மாட்டிக் கொடுத்து ஒரு மாதம் கழித்து, அவர் அதே பைக்கோடு ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றார். பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"லடாக் போற வழியில கழண்டு விழுந்துடுச்சு. திரும்ப மாட்டிக்கிட்டு வந்தேன். இவளை வேலையை விட்டு அனுப்புங்க."

முதலாளி சரி என்று தலையசைத்தார். வெளியே மழை விடவில்லை.

"போறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பைக்ல ஏறிக் காட்டுங்க" என்றாள் அமலி.

"இதென்ன பெரிய வித்தையா?" அவர் காலைப் பின்பக்கமாக வீசினார். பூட்ஸ் நேராக அந்த நசுங்கலில் போய் இடித்தது.

"இது விழுந்து நசுங்கினதில்ல சார், உங்க பூட்ஸ் இடிச்சு நசுங்கினது. பெட்டி மாட்டினா காலை மடக்கி சீட்டுக்கு மேலதான் சார் கொண்டுபோகணும். லடாக் போயிருந்தா முதல் நாளே பழகியிருக்குமே?"

வெற்றிவேலன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு மழையிலேயே போனார்.

முதலாளி சிரிக்கவில்லை. "நாளைக்கு வா. ஆனா கஸ்டமர் வந்தா இனிமே உள்ளேயே இரு" என்றார்.