தவளை எடைக்குக் கீழே ஒரு பட்டம்

பாறைக்குளத்துக் காட்டில் இறக்கை இல்லாதவை எல்லாம் பட்டம் விடும். ஆடிக் காற்று கிளம்பினால் போதும். முயல் புல்லை விட்டுவிடும், கீரி பாம்பை விட்டுவிடும், மலையணில் தூக்கத்தையே விட்டுவிடும்.

அந்த மலையணிலின் பெயர் செம்பான். அந்த வருஷம் காடு முழுக்க அதன் பட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. மூன்று பெரிய தேக்கிலைகளைக் காரைமுள்ளால் தைத்து, மூங்கில் சிம்பு வைத்து, கொடி நாரைத் திரித்து நூலாக்கி, கோடை முழுவதும் உட்கார்ந்து செய்த பட்டம் அது. எதிர்மலை உச்சிக்கு மேலே அதைப் பறக்கவிட வேண்டும் என்பதுதான் செம்பானின் ஒரே ஆசை. அதுவரை எவர் பட்டமும் அவ்வளவு உயரம் போனதில்லை.

காற்று கிளம்புகிற நேரம் பார்த்து நெட்டையப்பர் எல்லோரையும் குளக்கரைக்குக் கூப்பிட்டார். நெட்டையப்பர் ஒரு நாரை. குளத்துப் பறவைகளுக்குத் தலைவர். ஒற்றைக் காலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதனால் பட்டக்காரர்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், போன ஆடியில் கொக்கின் கழுத்தில் நூல் சிக்கியது. யாருடைய நூல் என்று கேட்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே, இனிமேல் ஒவ்வொரு பட்டத்திலும் அதன் சொந்தக்காரர் தம் காலடியைப் பதிக்க வேண்டும். காலை நாவல்பழச் சாற்றில் தோய்த்து, என் கண் முன்னால், பட்டத்தின் நடுவில் மிதிக்க வேண்டும். அந்தக் கறை போகாது."

கீரி சடையன் முன்னால் வந்தது.

"ஏன் சாமி, எங்களுக்கு மட்டும்தானா இந்தச் சட்டம்? பருந்து தினமும் இதே வானத்துலதான் சுத்துது. முட்டையைத் தூக்குது, குஞ்சைத் தூக்குது. அதோட இறக்கையில யாரு காலை வச்சாங்க?"

"பருந்தைப் பற்றிப் பிறகு பேசலாம்."

"பிறகுன்னா எப்போ?"

"பிறகு."

செம்பானுக்கு வேறு கவலை. "ஐயா, இலை நடுவுல ஈரக்காலை வச்சா இலை சுருங்கும். சுருங்கினா பட்டம் ஒரு பக்கமா சாயும். விட்டுப் பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும். நீங்க விட்டுப் பாத்ததுண்டா?"

"எனக்கு இறக்கை இருக்கிறது" என்றார் நெட்டையப்பர்.

"திருட்டுத்தனமா விடுறவன் எப்படியும் காலை வைக்கப் போறதில்ல" என்று சடையன் முணுமுணுத்தது. "ஒழுங்கா விடுற நாமதான் வரிசையில நிக்கணும்."

முயல் பஞ்சாயி மட்டும் தலையாட்டியது. "போன வருஷம் என் பட்டம் காத்தோட போச்சு. யாரோடதுன்னு தெரியாம ஒருத்தரும் கொண்டாந்து குடுக்கல. நான் வச்சிடுறேன்ப்பா."

"நீ வைப்ப" என்றது செம்பான். "காலை வைன்னா நீ தலையையே வைப்ப."

சத்தம் கூடியது. நெட்டையப்பர் கொஞ்சம் இறங்கி வந்தார். குட்டிகள் விடுகிற சின்னப் பட்டத்துக்கு இது வேண்டாம் என்றார். எது சின்னது, எது பெரியது? அதற்கும் வழி சொன்னார்.

"ஒரு தவளை எடைக்கு மேலே இருப்பது தலையில் விழுந்தால் மண்டை உடையும். அதற்குக் கீழே என்றால் வீக்கத்தோடு போகும். ஆகவே தவளை எடைதான் கணக்கு. தராசில் கல்லை வைத்தால் யாராவது மாற்றிவிடுவீர்கள். தவளையை மாற்ற முடியாது."

கிளைக்கவட்டில் ஒரு கம்பைக் குறுக்கே போட்டுத் தராசு செய்தார்கள். ஒரு முனையில் பூதப்பன் என்ற தவளை உட்கார்ந்தது. மறுமுனையில் பட்டத்தை வைக்க வேண்டும். பட்டம் இருக்கும் பக்கம் இறங்கினால் காலடி, தவளை இருக்கும் பக்கம் இறங்கினால் விடுதலை.

செம்பான் வீட்டுக்குப் போய்ப் பட்டத்தைக் கையில் தூக்கிப் பார்த்தது. தவளையைவிடக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் கனம் அதிகம். வாலில் ஒரு முழம் குறைத்தது. பட்டம் தலைகீழாகக் குத்தியது. மறுபடி வாலைக் கட்டியது. சிம்பை இழைத்தது. சிம்பு வளைந்தது. புதுச் சிம்பு வைத்தது. இலையோரத்தைக் கத்தரிக்கப் பல்லைக் கொண்டுபோனது, மனசு வரவில்லை.

பட்டத்தைக் குறைக்க முடியவில்லை. தவளையைக் கூட்டினால் என்ன?

முதல் மழை விழுந்திருந்தது. புற்றுகளிலிருந்து ஈசல் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியது. செம்பான் ஒரு இலை நிறைய ஈசலைப் பொதிந்துகொண்டு குளக்கரைக்குப் போனது.

"அண்ணே, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

பூதப்பன் ஒரு கண்ணைத் திறந்தது. "சும்மா வந்தா கையில என்ன?"

"உங்களுக்குத்தான். பாவம், சட்டத்தையே உடம்புல தாங்குறீங்க. நல்லா சாப்பிட வேணாமா?"

பூதப்பன் ஈசலை ஒவ்வொன்றாக நாக்கில் சுருட்டியது. "சரியாச் சொன்னே தம்பி. சட்டம்னா கனமா இருக்கணும். நாளைக்கும் இந்தப் பக்கம் சும்மா வா."

மறுநாள் செம்பான் போனபோது அங்கே சடையன் இருந்தது. அதன் வாயில் கொழுத்த மண்புழு. பூதப்பன் தண்ணீருக்குள்ளிருந்தே பேசியது.

"அங்கயே வச்சுட்டு நாலடி தள்ளி நில்லு. நீ கீரி. பாசமெல்லாம் தூரத்துல இருந்தே போதும்."

செய்தி எப்படியோ பரவிவிட்டது. பட்டக்காரர்கள் எல்லோரும் சும்மா அந்தப் பக்கம் போனார்கள். பூதப்பன் தின்றது, ஊதியது, மறுபடி தின்றது. கழுத்து காணாமல் போனது. தராசில் ஏற இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

எடை பார்க்கும் நாளில் நெட்டையப்பர் தவளையை உற்றுப் பார்த்தார். "பூதப்பா, உடம்பு சற்று ஊதினாற்போல் இருக்கிறதே?"

"மழைக்காலம் ஐயா. நீர் உடம்பு."

நெட்டையப்பருக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. சட்டத்தில் தவளை என்றுதான் இருந்தது. எப்பேர்ப்பட்ட தவளை என்று இல்லை. செம்பானின் பட்டத்தை வைத்தார்கள். பூதப்பன் பக்கம் தொப்பென்று இறங்கியது.

"எடை குறைவு. போகலாம்."

சடையனின் பட்டமும் குறைவு. அதுவும் தேக்கிலைப் பட்டம்தான், செம்பானுடையதில் முக்கால் அளவு. அதுவும் போகலாம். கடைசியாகப் பஞ்சாயி தன் பட்டத்தோடு வந்தது. ஒற்றை இலைப் பட்டம். தராசு அசையக்கூட இல்லை.

"போகலாம்."

"இருக்கட்டுங்க, வச்சுட்டே போறேன்" என்று பஞ்சாயி நாவல் சாற்றில் காலைத் தோய்த்து இலையின் நடுவில் மிதித்தது. ஊதா நிறத்தில் முயல் கால் பளிச்சென்று விழுந்தது.

செம்பானும் சடையனும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போயின. "நல்ல இலையைக் கெடுத்துட்டியே, பஞ்சாயி" என்றது செம்பான்.

ஆடி நடுவில் ஒரு நாள் பெருங்காற்று அடித்தது. பட்டக்காரர்கள் அத்தனை பேரும் பாறை மேல் ஏறினார்கள். செம்பான் நூலை விட விட அதன் பட்டம் ஏறியது. மரத்தைத் தாண்டியது, மேட்டைத் தாண்டியது, எதிர்மலை உச்சிக்கு நேராக வந்தது. இன்னும் கொஞ்சம்தான். செம்பான் மிச்ச நூலையும் விட்டது.

படீரென்று நூல் அறுந்தது. பட்டம் ஒரு குலுக்குக் குலுக்கி, உச்சிக்கு மேலே எழும்பி, அந்தப் பக்கம் போய் மறைந்தது.

செம்பான் வாயைப் பிளந்து நின்றது. அதன் ஆசை நிறைவேறியதை வேறு யாரும் பார்க்கவில்லை. பட்டம் விடுகிறவர்கள் அவரவர் பட்டத்தைத்தானே பார்ப்பார்கள்.

அதே நேரம் குளக்கரையில் அலறல் கேட்டது. எல்லோரும் நூலைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். கருவேல மரத்தில் ஒரு பட்டம் கிழிந்து தொங்கியது. அதன் நூல் கொக்குக் கூட்டைச் சுற்றி இழுத்திருந்தது. குஞ்சு ஒன்று கீழே சேற்றில் கிடந்தது. உயிர் இருந்தது. ஒரு கால் மடங்கிப்போயிருந்தது. தாய்க்கொக்கு அதன் மேல் இறக்கையை விரித்து நின்றது.

நெட்டையப்பர் கிழிந்த பட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். தேக்கிலை. காலடி இல்லை. கீழே நாணலில் இன்னொரு பட்டமும் விழுந்து கிடந்தது. அதில் ஊதா முயல் கால்.

"இது பஞ்சாயியுடையது. யாருக்கும் தொந்தரவு இல்லாமல் விழுந்திருக்கிறது. எடுத்துக்கொள்ளம்மா." பஞ்சாயி எடுத்துக்கொண்டது.

"இந்தத் தேக்கிலை யாருடையது?"

எல்லார் கண்ணும் செம்பான் பக்கம் திரும்பியது. காட்டிலேயே பேர்போன தேக்கிலைப் பட்டம் அதனுடையது. அதன் கையிலோ அறுந்த நூல் மட்டும்தான் இருந்தது.

"ஐயா, என்னோடது இது இல்ல. என்னோடது மலைக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு."

"யார் பார்த்தது?"

ஒருவரும் பார்க்கவில்லை.

"என்னோடதுல மூணு இலை. இதுல எத்தனை இலைன்னு பாருங்க."

"கிழிந்து கிடக்கிறது. மூன்றும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம்."

அப்போதுதான் செம்பான் சடையனைப் பார்த்தது. அதன் கையில் ஒரு சின்னப் பட்டம் இருந்தது.

"சடையா, உன் தேக்குப் பட்டம் எங்க?"

"இதான் என் பட்டம்."

"ஐயா, அது போன வருஷத்துப் பட்டம். ஓடி வர்ற வழியில வளையிலேருந்து எடுத்துட்டு வந்திருக்கான். பொய் சொல்றான்."

நெட்டையப்பர் இரண்டு பட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "காலடி இல்லாத பட்டம் போன வருஷத்ததா, இந்த வருஷத்ததா என்று நான் எப்படிச் சொல்வது?"

செம்பான் கடைசியாகப் பூதப்பனிடம் ஓடியது. "அண்ணே, நீங்கதானே எடை பாத்தீங்க. ரெண்டும் வேற வேறன்னு சொல்லுங்க."

பூதப்பன் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது. எடை எப்படிப் பார்த்தோம் என்று பேச்சு வந்தால் ஈசலும் வெளியே வரும். "எனக்கு யாரையும் தெரியாது தம்பி. நான் வெறும் எடைதான்" என்று தண்ணீரில் இறங்கிவிட்டது.

தீர்ப்பு சொன்னார்கள். அந்த ஆடிக் காற்று அடங்கும்வரை செம்பான் பட்டத்தைத் தொடக் கூடாது. குஞ்சு நடக்கும்வரை கொக்குக்கு மீன் பிடித்துக் கொடுக்க வேண்டும். மரத்திலேயே வாழ்கிற செம்பான் தண்ணீரில் இறங்கி, நனைந்து, நடுங்கி மீன் பிடித்தது. தாய்க்கொக்கு மீனை வாங்கிக்கொள்ளும். முகம் கொடுத்துப் பேசாது.

பூதப்பனுக்கு இப்போது யாரும் ஈசல் கொண்டுவரவில்லை. அது பழையபடி இளைத்தது. தராசும் பழையபடி நியாயமாக இறங்கியது.

ஒரு நாள் எதிர்மலைக் குரங்கு மூக்கன் ஒரு பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. மூன்று தேக்கிலை, காரைமுள் தையல், மூங்கில் சிம்பு. தராசில் வைத்ததும் பட்டம் இருக்கும் பக்கம் இறங்கியது. மூக்கன் மறுபேச்சில்லாமல் நாவல் சாற்றில் காலைத் தோய்த்து நடுவில் ஒரு மிதி மிதித்தது.

செம்பான் கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு ஓடிவந்தது. "ஐயா, இதான் ஐயா என் பட்டம். நான் சொன்னேனே, மலைக்கு அந்தப் பக்கம் போச்சுன்னு."

மூக்கன் பட்டத்தைப் புரட்டிக் காட்டியது. "என் மலையில கிடந்துச்சு. மேல கீழ எல்லாம் தேடிப் பாத்தேன். உன் கால் இதுல எங்கயும் இல்லையேப்பா. இருந்திருந்தா அன்னைக்கே கொண்டாந்து குடுத்திருப்பேன்."

செம்பான் நெட்டையப்பரைப் பார்த்தது. நெட்டையப்பர் பட்டத்தைப் பார்த்தார். நடுவில் ஊதா நிறத்தில் குரங்குக் கால்.

"இது மூக்கனுடையது" என்றார்.

அன்று மாலை அந்தப் பட்டம் எதிர்மலை உச்சிக்கு மேலே நிமிர்ந்து நின்றது. காலடி பட்டும் துளிகூடச் சாயவில்லை. காடே அண்ணாந்து பார்த்து, மூக்கன் கெட்டிக்காரன் என்று பேசிக்கொண்டது. செம்பான் முழங்கால் தண்ணீரில் நின்று அதைப் பார்த்தது. பிறகு குனிந்து மீனைத் தேடியது.

தன்னுடையது எது என்று அடையாளம் வைக்கக் கூசுகிறவன், தன்னுடையதை இழப்பதோடு தன்னுடையது அல்லாத பழியையும் சுமப்பான்.