ஆவுடையப்பன் நெல்லிக்காய்க்கு சைக்கிள் மிதிச்ச கதை

ஒரு ஊர்ல ஒரு கால்வாய் இருந்துச்சாம். நம்ம பக்கத்துக் கால்வாய் இல்ல கண்ணு. பிரான்சு தேசத்துல, வடகிழக்கு மூலையில, லொரேன்னு ஒரு சீமை. அங்க உள்ள கால்வாய். அது ஓடுதுன்னுகூடச் சொல்ல முடியாது. தண்ணி அப்படியே நிக்கும், அதுமேல மேகம்தான் ஓடும். கரையோட நெடுக சைக்கிளுக்குன்னே ஒரு பாதை. கார் வராது, லாரி வராது. பச்சைப் பலகையில வெள்ளையா சைக்கிள் படம் போட்டு, இப்படிப் போ அப்படிப் போன்னு அம்புக்குறி காட்டும். கோடைக்காலம் வந்தா எங்கெங்கிருந்தோ ஜனங்க வந்து, சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊர் ஊரா மிதிச்சுக்கிட்டே போவாங்களாம். எதுக்குன்னு கேக்காத. சும்மா போறதுக்குத்தான் போவாங்க.

ம்.

அந்தக் கால்வாய்க் கரையில ஒரு சின்ன ஊரு. அங்க கோமதின்னு ஒரு பொண்ணு. சங்கரன்கோவில்ல பிறந்தவ, கல்யாணம் ஆகி அங்க போயிட்டா. இப்போ மாசமா இருக்கா. மாசமா இருந்தா நாலு பண்டம் ருசிச்சுத் திங்கணும்ல? இவளுக்குத் திங்கவே முடியலை. ரொட்டி வச்சா உவ்வே. ரசம் வச்சா உவ்வே. சோத்துப் பானையைத் தொறந்தாலே உவ்வே. மூணு வாரமா இப்படி. கன்னம் ரெண்டும் உள்ள போயிடுச்சு.

அவளைப் பாத்துக்க ஊர்லேருந்து வந்திருந்தது அவ அப்பா ஆவுடையப்பன். அம்மா இல்லை. அவ சின்னதா இருக்கும்போதே போயாச்சு. அப்போ அம்மா செய்ய வேண்டியதையும் இந்த மனுஷன்தானே செய்யணும்? ஆனா அவருக்கு என்ன தெரியும்? முப்பது வருஷமா சைக்கிள்ல வீடு வீடாப் போய் கரண்டு மீட்டர்ல ரீடிங் எடுத்த ஆளு. மீட்டரைப் பாத்தா எவ்வளவு ஓடியிருக்குன்னு சொல்லுவாரு. மகள் முகத்தைப் பாத்து ஒண்ணும் சொல்லத் தெரியலை.

"ஏட்டி, என்னதான் வேணும் உனக்கு? வாயைத் தொறந்து சொல்லேன்."

"எப்பா, எனக்கு நெல்லிக்காய் வேணும். உப்பும் மிளகாப்பொடியும் தொட்டு."

பிரான்சுல நெல்லிக்காய்க்கு எங்க போக?

அப்போ பக்கத்து வீட்டு ஒதீலம்மா வந்தாங்க. கோமதி கையை ஆட்டி ஆட்டி அவங்க பாஷையில விளக்குனா. பச்சையா இருக்கும், உருண்டையா இருக்கும், மேலேருந்து கீழ வரி வரியா இருக்கும், கடிச்சா கண்ணு மூடிக்கும். ஒதீலம்மா கையைத் தட்டுனாங்க. "எனக்குத் தெரியும்! கடையில கெடைக்காது. இருபது கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்துல ஜெர்மேன்னு ஒரு பாட்டியம்மா தோட்டத்துல முள்ளுச்செடியில காய்க்குது. நான் போன் போட்டுச் சொல்றேன்."

மாப்பிள்ளை காரை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயாச்சு. பஸ் அன்னைக்குக் கெடையாது. ஒதீலம்மா வீட்டுல முன்னாடி கூடை வச்ச பழைய சைக்கிள் ஒண்ணு இருந்துச்சு. ஆவுடையப்பன் பேண்டை முழங்கால் வரைக்கும் மடிச்சுவிட்டாரு.

"எப்பா, உங்களுக்குப் பாஷை தெரியாதே!"

"மீட்டர்ப் பொட்டி என்ன பாஷையா பேசுச்சு? நீ ரெண்டு வார்த்தை சொல்லிக்கொடு, போதும்."

"வீன்னா சரி. நோன்னா வேண்டாம்."

"வீ, நோன். இவ்வளவுதானா? இதுக்கா காலேஜு வரைக்கும் படிக்கிறாங்க?"

கடக்கு மடக்கு, கடக்கு மடக்குன்னு கிளம்புனாரு.

ம்.

ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் அறுத்துப்போட்ட வைக்கோலு பெரிய பெரிய உருளையா. வெள்ளை மாடுங்க நின்னு இவரையே பாத்துச்சு. போனாரு, போனாரு. அப்புறம் படகு ஏறி இறங்குற ஒரு மதகு வந்துச்சு. அங்க பெஞ்சுல சைக்கிள்காரக் குடும்பம் ஒண்ணு, கை நீளத்துக்கு ரொட்டி, தக்காளி, பாலாடைக்கட்டி எல்லாம் பரப்பி வச்சுத் தின்னுக்கிட்டிருந்தாங்க. ஆவுடையப்பனுக்கு அப்போதான் ஞாபகம் வந்துச்சு, காலையில ஒண்ணும் சாப்பிடலை. வயிறு கொர்ர்ர்னு சத்தம் போட்டுச்சு. அந்தக் குடும்பத்துக்கே கேட்டுச்சு! வீட்டுக்காரம்மா சிரிச்சுக்கிட்டே ஒரு துண்டு ரொட்டியை நீட்டுனாங்க.

இப்போ நீ சொல்லு, சங்கரன்கோவில்காரரு என்ன செய்வாரு? முதல் தடவை கேட்டதும் வாங்கிட்டா என்ன நெனைப்பாங்க? பறக்காவெட்டின்னு நெனைப்பாங்க. அதனால முதல் தடவை, ஐயோ வேண்டாம்பாரு. அவங்க, அட சாப்பிடுங்கம்பாங்க. ரெண்டாவது தடவை, இப்போதான் சாப்பிட்டேம்பாரு. அவங்க, எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீங்களாம்பாங்க. மூணாவது தடவை இலையிலயே போட்டுடுவாங்க. அப்போதான், போதும் போதும்னு சொல்லிக்கிட்டே ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்பிடலாம். முப்பது வருஷமா வீடு வீடாக் காப்பி குடிச்சது இப்படித்தான்.

"நோன்"னாரு ஆவுடையப்பன்.

அந்தம்மா தலையை ஆட்டுனாங்க. ரொட்டியைத் தன் வாயில போட்டுக்கிட்டாங்க.

இவரு நின்னாரு. இன்னொரு தடவை கேப்பாங்கன்னு நின்னாரு. அவங்க மூட்டையைக் கட்டுனாங்க, கையை ஆட்டுனாங்க, கிணிங் கிணிங்னு பெல்லடிச்சுட்டுப் போயே போயிட்டாங்க.

"என்ன ஜனங்கப்பா இது," அப்படின்னாரு மாட்டைப் பாத்து. மாடு அசை போட்டுச்சு. அது வாய் நிறைய புல்லு.

அப்புறம் மிதிச்சாரு, மிதிச்சாரு. டுஸ்ஸ்ஸ்! பின் சக்கரம் பஞ்சர். அப்போ எதிர்ல நெட்டையா ஒருத்தன் வந்தான். தலையில தொப்பி, முதுகுல பை, சைக்கிள்ல பம்பு, பையில பஞ்சர் ஒட்டுற சாமான் எல்லாம். காலை ஊனி நின்னு, சக்கரத்தைக் காட்டி, பம்பைக் காட்டி, புருவத்தைத் தூக்குனான். ஒட்டித் தரட்டுமான்னு கேக்குறான்! ஆவுடையப்பனுக்குச் சந்தோசம் தாங்கலை. ஆனா வழிப்போக்கன், அவன் வேலையைக் கெடுக்கலாமா? ஒப்புக்கு ஒரு தடவையாவது மறுக்க வேண்டாமா?

"நோன், நோன்." சிரிப்பு வேற.

அவனும் சிரிச்சான். சர்ர்ர்ர்னு போயிட்டான்.

"ஏலே! ஏலே, நில்லுலே! இன்னொரு தடவை கேளுலே!"

எங்க நிக்கிறான்? புள்ளியாயிட்டான்.

ம்... தூங்கிட்டியா? ம் சொல்லு. இனிமேதான் இருக்கு.

அப்புறம் அஞ்சு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடந்தாரு. பாதை கால்வாயை விட்டு மலைப்பக்கம் ஏறுச்சு. பசி காதை அடைக்குது. அவருக்கு விசயம் புரிஞ்சுபோச்சு. இந்த ஊர்ல ஒரு தடவைதான் கேப்பாங்க. நோன்னா நோன்தான். சரி, பட்டது போதும். மேட்டுல ஏற ஏறப் பாடம் பண்ணிக்கிட்டே போனாரு. "வீ, வீ, வீ, வீ." ஒரு மூச்சுக்கு ஒரு வீ.

ஜெர்மேன் பாட்டியம்மா வீடு வந்துச்சு. ஒதீலம்மா சொன்ன அடையாளம், வாசல்ல நீலக் கதவு. எம்பது வயசு, ஒடிசலான உடம்பு, காலுக்கு ரப்பர் பூட்ஸு. ஒதீலம்மா போன் போட்டதுலேருந்து காத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு கிண்ணம் நிறைய பச்சைப் பச்சையாக் கொண்டாந்து நீட்டுனாங்க. உருண்டை! வரி வரியா! நம்ம மரத்து நெல்லி இல்ல, பாக்க அதே மாதிரி இருக்குற அந்த ஊர்ச் செடி நெல்லி. ஆவுடையப்பன் வாயெல்லாம் எச்சி ஊறுச்சு. வீ சொல்ல வாயைத் தொறந்தாரு. அப்போ அந்தம்மா கையைப் பாத்துட்டாரு. விரலெல்லாம் முள்ளு கீறி ரத்தக்கோடு. இந்தத் தள்ளாத வயசுல, முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தன் மகளுக்காகவா? மனசு உருகிப்போச்சு. உருகுன மனசு நாக்கை இழுத்துட்டுப் போயிடுச்சு.

"நோன், நோன்! ஐயய்யோ, உங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு சிரமம்? நோன், நோன், நோன்!"

பாட்டியம்மா முகம் சின்னதாச்சு. அந்தப் பொண்ணுக்கு இது பிடிக்காது போலன்னு நெனைச்சாங்க. கிண்ணத்தை எடுத்துக்கிட்டு உள்ள போனாங்க.

டப்! கதவு சாத்திக்கிச்சு.

ஆவுடையப்பன் வாசல்ல நின்னாரு. ஒரு காக்கா இருந்தாக்கூடச் சிரிச்சிருக்கும். இனிமே யாரு கேப்பா? யாரும் கேக்க மாட்டாங்க. இவருதான் கேக்கணும். ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டி, எனக்கு இதைக் கொடுங்கன்னு இவரு இதுவரைக்கும் கேட்டதே இல்லை. பொண்டாட்டி போன பிறகு பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கேட்டதில்லை, சர்க்கரை இல்லாமலே காப்பி குடிச்ச மனுஷன். கை கதவுகிட்டப் போச்சு, திரும்பி வந்துச்சு. போச்சு, வந்துச்சு. அப்போ மகளோட ஒட்டுன கன்னம் ஞாபகம் வந்துச்சு.

டொக், டொக், டொக்.

கதவு தொறந்துச்சு.

"வீ," அப்படின்னாரு. இன்னும் பலமா, "வீ! வீம்மா! எனக்கு வேணும்! என் மகளுக்கு வேணும்! வீ, வீ, வீ!" கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

பாட்டியம்மா இவரை ஏற இறங்கப் பாத்தாங்க. கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. கிண்ணத்தைக் கையில கொடுத்தாங்க. ரொட்டியைக் காட்டுனாங்க. வீ! சூப்பைக் காட்டுனாங்க. வீ! இன்னும் கொஞ்சம்? வீ! அப்புறம் அந்தம்மாவே சைக்கிளைத் தலைகீழாக் கவுத்து, டியூபை உருவி, பஞ்சர் ஒட்டிப் புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிச்சாங்க. எம்பது வயசுல! வீ, வீன்னு பக்கத்துல நின்னாரு. கிளம்புறப்போ கொல்லைப் பக்கம் கையைக் காட்டி அந்தம்மா என்னமோ நீளமாக் கேட்டாங்க. இவருக்கு ஒரு எழுத்தும் புரியலை. யோசிச்சா போச்சேன்னு பயந்து, "வீ!"

அது என்ன தெரியுமா? ஒரு வாத்து. கழுத்து நீண்ட, கொழுகொழு வெள்ளை வாத்து. தபால்காரரைக் கடிச்சு, பால்காரரைக் கடிச்சு, பாதிரியாரையும் கடிச்சு வச்ச வாத்து. யாராவது கூட்டிட்டுப் போவாங்களான்னு பாட்டியம்மா ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்காங்க. எல்லாரும் நோன். இவரு ஒருத்தர்தான் வீ.

கேரியர்ல ஒரு கூடை, கூடைக்குள்ள வாத்து. கடக்கு மடக்கு, க்வாங்! கடக்கு மடக்கு, க்வாங்! இறக்கத்துல வேகம் எடுத்தா அது இவரு முதுகுல ஒரு கொத்து. கரையில சைக்கிள்ல வந்தவங்க எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்க.

வீடு சேரும்போது ராத்திரி எட்டு மணி. அங்க கோடையில எட்டு மணிக்கும் பளீர்னு வெயிலடிக்கும். கோமதி வாசல்ல தவிச்சுக்கிட்டு நிக்கிறா. கிண்ணத்தை நீட்டுனாரு. உப்பு, மிளகாப்பொடி. ஒண்ணு எடுத்தா. நறுக்! கண்ணு ரெண்டும் இறுக்கி மூடிக்கிச்சு. ஆவுடையப்பன் அவ வாயையே பாத்தாரு. இறங்குமா, திரும்பி வருமா? ஒரு நிமிசம். ரெண்டு நிமிசம்.

க்வாங்!

கோமதி கண்ணைத் தொறந்தா. "எப்பா, என்ன இது?"

"வாத்து."

"நெல்லிக்காய்க்குப் போனவங்க வாத்தை எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"ஏட்டி, இந்த ஊர்ல ஒரு தடவைதான் கேக்குறாங்க. என்ன ஏதுன்னு யோசிக்க நேரம் எங்க இருக்கு?"

கோமதி சிரிச்சா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, சுவத்துல சாஞ்சு சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இன்னொரு காய், நறுக். இன்னொண்ணு, நறுக். ஒண்ணும் திரும்பி வரலை. அப்புறம் மிளகாப்பொடி விரலை நக்கிக்கிட்டே கேட்டா.

"எப்பா, சோறு இருக்கா?"

மூணு வாரத்துல முதல் தடவை. ஆவுடையப்பன் மடிச்ச பேண்டை இறக்காம அடுப்படிக்கு ஓடுனாரு, அரிசி களைய.

அவ்வளவுதான் கண்ணு. உலை கொதிச்சாச்சு, வாத்து கூடைக்குள்ள கழுத்தை மடிச்சாச்சு, கதையும் சைக்கிளைச் சுவத்துல சாத்திட்டுப் படுத்தாச்சு. நீயும் காலை நீட்டிக் கண்ணை மூடு.