படித்துறை மருதம்

பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்த வைத்திலிங்கம், ஓய்வு பெற்றபின் ஆற்றங்கரை மடத்தில் சீடராகச் சேர்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். தைப்பூசத்துக்கு முன்னால், படித்துறைக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்த மருத மரத்தைக் கயிறு கட்டி இழுத்துக் கரையில் போட்டார். மரத்தடியில் கசமாகத் தண்ணீர் தேங்கி நின்ற ஆழமான பள்ளத்தையும் மணல் கொட்டி மட்டமாக்கினார். ஆறு துடைத்துவிட்டது போல ஆனதில் அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை.

சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிக் கொதித்தது. தினமும் அவர் பொரி போட்டு வளர்த்த கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. சில செத்து மிதந்தன. கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஆற்றில் ஊற்றினார். ஆற்றுக்கு அது எந்த மூலைக்கு?

மடத்தின் குரு மங்கையம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர். வைத்திலிங்கம் அவரிடம் போய் நின்றார்.

"அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை குடம் ஊத்தினா மீன் பிழைக்கும்?"

"இன்னைக்குப் பாடம் முற்றத்துல. உட்காருங்க ஓவர்சியரே."

உச்சி வெயில். கல் தரை. அம்மாள் எதிரே அதே வெயிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வைத்திலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தார். அப்புறம் மெல்ல எழுந்து சுவரோர நிழலில் ஒண்டிக்கொண்டார்.

"ஏன் எழுந்தீங்க?" அம்மாள் கண்ணைத் திறக்கவில்லை.

"சுடுதும்மா."

"நான் ஒரு குடமும் ஊத்தலையே. எப்படிப் பிழைச்சீங்க?"

"நிழல் இருந்துச்சு, வந்துட்டேன்."

அம்மாள் கண்ணைத் திறந்து ஆற்றைப் பார்த்தார். வைத்திலிங்கமும் பார்த்தார். தண்ணீர் மட்டமாக, பளபளவென்று கிடந்தது. கையகல நிழல் இல்லை. அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

அன்று சாயங்காலமே மண்வெட்டியோடு இறங்கினார். மூன்று நாளில் கசம் பழைய ஆழத்துக்கு வந்தது. ஊர்க்காரர்கள் சிரிக்கச் சிரிக்க, மாடு கட்டி மருத மரத்தை இழுத்துவந்து அதன்மேலேயே சாய்த்தார். மறுநாள் உச்சிவேளையில் எட்டிப் பார்த்தால், மிஞ்சிய கெண்டைகள் எல்லாம் மரத்தடியில் கூட்டமாக நின்றன. ஒன்றுகூட வாயைப் பிளக்கவில்லை. மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மாளிடம் ஓடினார்.

"பிழைச்சிருச்சும்மா! ஆனா அடுத்த வருஷம் வெயில் இன்னும் கூடும்னு சொல்லுதாங்க. புயலும் பெருசா வருமாம். அப்போ என்ன செய்ய?"

"வரட்டும். கரையில இருந்து இன்னும் ரெண்டு மரம் ஆத்துக்குள்ள சாயும்" என்றார் அம்மாள். "கயித்தை எடுத்துக்கிட்டு ஓடாதீங்க."