செவலை விழுங்கிய கேள்வி

மிருகமும் பறவையும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் நாச்சாயி என்று ஒருத்தி ஆடு வளர்த்தாள். மலையிலிருந்த சிறுத்தை அடிக்கடி இறங்கி வந்து ஓர் ஆட்டை அடித்துப்போடும். "அப்ப வரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்கிக்கொண்டு போகும். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. மந்தைதான் பாதியாகிவிட்டது. அதனால் செவலை என்ற நாயைக் காவலுக்குச் சேர்த்தாள்.

செவலைக்குக் கால் வேகம். வாய் அதைவிட வேகம்.

முதலில் உட்காரப் பழக்கினாள். உப்புக்கண்டத் துணுக்கு ஒன்றை விரல்நுனியில் பிடித்து அதன் மூக்குக்கு மேலே மெல்லத் தூக்கினாள். மூக்கு மேலே போகப் போக, பின்பக்கம் தானாகக் கீழே போனது. தரையைத் தொட்டதும், "உக்காரு... அப்படித்தான், என் சாமி" என்று சொல்லித் துணுக்கை வாயில் போட்டாள். செவலைக்கு உப்புக்கண்டம் பிடித்தது. 'என் சாமி' அதைவிடப் பிடித்தது. தன்னைக் கேட்காமலே வால் ஆடுவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

கூரைமேல் இருந்த காக்கைக்குப் பொறுக்கவில்லை. "அட அட அட, துணுக்குக் கறிக்குக் குந்தறான் பாரு. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியாடா?"

செவலைக்குச் சுருக்கென்றது. மறுநாளே ஆரம்பித்துவிட்டது.

"செவலை, இங்க வா."

"எதுக்குங்க அக்கா?"

"வாடா, சொல்றேன்."

"சொன்னீங்கன்னா வர்றேனுங்க."

நாச்சாயிக்குச் சிரிப்பு வரும். காரணத்தைச் சொல்வாள். செவலை அதை யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் வரும். துணுக்கும் கிடைக்கும், 'சாமி'யும் கிடைக்கும். "காரணமும் வாங்கிட்டேன், கறியும் வாங்கிட்டேன்" என்று காக்கையிடம் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் ஆடொன்று வெள்ளைக் குட்டி போட்டது. தாயாடு நக்கித் துடைத்து முடிப்பதற்குள் செவலையும் போய் இரண்டு நக்கு நக்கி, முட்டு வாங்கிக்கொண்டு வந்தது. அன்று மத்தியானம் மந்தை ஓடைக்கரையில் நின்றபோது, குட்டி கால் ஓய்ந்து கோரைப்புல்லுக்குள் படுத்துத் தூங்கிவிட்டது.

எதிர்ப் பாறைமேல் சிறுத்தை வந்து உட்கார்ந்தது. ஆடுகள் நாச்சாயியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டின. அவள் கையில் தழை ஒடிக்கும் தொரட்டி இருந்தது.

"குட்டி போட்டிருக்குன்னு கேள்விப்பட்டேனுங்க. கண்ணுலயே காணமே" என்றது சிறுத்தை.

"பட்டியில கிடக்குது" என்றாள் நாச்சாயி.

சிறுத்தை மந்தையைப் பார்த்தது, தொரட்டியைப் பார்த்தது. "சரிங்க" என்று எழுந்து திரும்பியது.

செவலைக்கு இருப்புக்கொள்ளவில்லை. குட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம் என்று கோரையைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தது.

"செவலை, இரு" என்றாள் நாச்சாயி.

காரணம் சொல்ல வழியில்லை. நாய்க்குச் சொல்லும் எதுவும் சிறுத்தைக்கும் புரியும். கண்ணை மட்டும் உருட்டிக் காட்டினாள்.

"எதுக்குங்க அக்கா? குட்டி அங்க தனியா கிடக்குதுங்களே."

சிறுத்தையின் காது திரும்பியது. ஒரே தாவல். செவலை துரத்திக்கொண்டு ஓடியது. சிறுத்தை பாறைக்கு மேல் போய்விட்டது. இந்த முறை அது 'வரட்டுங்களா' சொல்லவில்லை. வாய் நிறைந்திருந்தது.

நாச்சாயி அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பொழுது சாயும்வரை தாயாடு கத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் ஓடைக்கரையில் வழக்கம்போலத் துணுக்கை எடுத்தாள். "செவலை, உக்காரு."

கேள்வி நாக்குவரை வந்துவிட்டது. தாயாடு கோரைப்புல்லை இன்னும் மோந்துகொண்டிருந்ததைச் செவலை பார்த்தது. உட்கார்ந்தது. அவள் கொடுத்த கறியோடு அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கடித்து விழுங்கியது.

"அப்படித்தான்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "என் சாமி" என்றாள்.

அதன்பின் காக்கை எவ்வளவோ சீண்டிப் பார்த்தது. செவலை வாயைத் திறக்கவில்லை. அதன் குட்டிகளும் திறக்கவில்லை. பேசாமல் பேசாமல் நாய்ச் சாதிக்கே பேச்சு மறந்துபோனது.

அன்று முதல்தான், நாம் எதைச் சொன்னாலும் நாய் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து நம் முகத்தையே பார்க்கிறது. அப்புறம் உட்கார்ந்துவிடுகிறது.