அடி விழுந்தது

ஆற்றங்கரை மடம் ஒன்றில் மீனலோசனி அம்மை என்றொரு துறவி இருந்தார். அவரைத் தேடி வந்த சீடர்களில் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். கயிலாசம் அவர்களில் ஒருவர். வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி போன பிறகு வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தவர்.

வந்து நாளாகியும் மனசு அடங்கவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தால், யாரோ எப்போதோ சொன்ன சொல்லெல்லாம் வரிசைகட்டி வந்து நின்றது. அம்மையிடம் போய் முறையிட்டார்.

அம்மை ஒரு புது நோட்டை எடுத்துக் கொடுத்தார். விளக்கு வைத்ததும் உட்கார்ந்து அன்றன்றைக்கு நடந்ததை எழுதச் சொன்னார். யாரிடம் காட்டுவது என்று கயிலாசம் கேட்டதற்கு, யாரிடமும் காட்ட வேண்டாம் என்றார்.

"எழுதினால் மனசு அடங்குமா, அம்மா?"

"நடந்ததை எழுதினால் அடங்கலாம்."

எழுதுவது கயிலாசத்துக்குப் புதிதா என்ன? ஆயுசெல்லாம் மனு எழுதிய கை. முத்து முத்தான எழுத்து. ஆற்றில் நீர் ஏறியதை எழுதினார். பூசைக்குப் பூப்பறித்ததை எழுதினார். மனைவியை நினைத்த அன்று அதையும் எழுதினார். எழுதி முடித்துப் படுத்தால் தூக்கம் வந்தது. முகம் தெளிந்துவிட்டதாக மடத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவரும் இரண்டொருவரிடம், நீங்களும் எழுதிப் பாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

மடத்தில் பொன்னம்பலம் என்று ஒரு பெரியவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். வாய் பேச வராது. ஒரு பக்கம் அசையாது. அவருக்குக் கஞ்சி ஊட்டித் துணி மாற்றும் பொறுப்பை அம்மை கயிலாசத்திடம் ஒப்படைத்தார்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பிறகு சிறிது சிறிதாகக் கயிலாசத்துக்குள் ஒரு கடுகடுப்பு சேர்ந்தது. கஞ்சி கடைவாயில் வழியும். துடைத்து முடிப்பதற்குள் மறுபடியும் வழியும். பொன்னம்பலம் சில நாள் வாயைத் திறக்கவே மாட்டார்.

ஒரு மத்தியானம் பொன்னம்பலத்தின் நல்ல கை கிண்ணத்தைத் தட்டிவிட்டது. கஞ்சி முழுக்கக் கயிலாசத்தின் மடியிலும் பாயிலும் கொட்டியது. சற்று முன்புதான் துவைத்துக் கட்டிய வேட்டி. கயிலாசம் அந்தக் கையைப் பிடித்து அடித்தார். ஓங்கி அடித்தார். பொன்னம்பலம் சத்தம் போடவில்லை, போடவும் முடியாது. கண் மட்டும் நிறைந்து, காதுப்பக்கம் ஒழுகியது.

கயிலாசம் எழுந்து வெளியே போய் மகிழமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே நனைந்த பாயில் ஒருவர் கிடக்கிறார் என்று தெரியும். தெரிந்தே உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்ந்த பிறகுதான் உள்ளே போனார். கஞ்சி காய்ந்த இடமெல்லாம் எறும்பு. பாயில் மட்டுமல்ல, பொன்னம்பலத்தின் கழுத்திலும் விலாவிலும்கூட. பதறிப்போய், யாரும் வருமுன் துடைத்து, துணி மாற்றி, பாயை அலசிப் போட்டார். பொன்னம்பலம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வைத்தார்கள். கயிலாசம் நோட்டைத் திறந்து எழுதினார்: 'இன்று பொன்னம்பலத்துக்குப் பணிவிடை செய்தேன். சற்றே சிரமப்படுத்தினார். பொறுமை காத்தேன். தொண்டு மனத்தைப் பக்குவப்படுத்துகிறது.'

எழுதியதைப் படித்துப் பார்த்தார். ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. கை கொஞ்சம்கூட நடுங்காமல் எழுதியிருந்தது. அதைக் கண்டபோது உடம்பு கூசியது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அறையில் வேறு யாருமே இல்லை.

மறுநாள் காலை நோட்டை அம்மையின் முன்னால் வைத்தார்.

"இது எனக்கு வேண்டாம், அம்மா. எரித்துவிடலாம்."

"ஏன்?"

"பொய் எழுதிவிட்டேன்."

"யார் படிப்பதற்காக?"

அம்மை நோட்டைத் திறந்து பார்க்கவில்லை. பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"எரிக்கலாம். அதற்கு முன்னால் நேற்றைக்கு நடந்ததை எழுதிவிடுங்கள். இங்கேயே உட்கார்ந்து."

கயிலாசம் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து ஒரு வரி எழுதினார். அம்மை படிக்கச் சொன்னார்.

"பொன்னம்பலம் கஞ்சியைக் கொட்டிவிட்டார்."

"மேலே எழுதுங்கள்."

எழுதினார். படித்தார். "என் வேட்டி பாழாயிற்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது."

"வந்தது. பிறகு?"

பேனா தயங்கியது. தலையைக் குனிந்தபடி எழுதி, குனிந்தபடியே படித்தார்.

"அவர் கையில் அடி விழுந்தது."

அம்மை கேட்டார்.

"எங்கிருந்து விழுந்தது? கூரையிலிருந்தா?"

கயிலாசத்துக்குக் காது மடல் சுட்டது. எத்தனையோ கட்சிக்காரர்களுக்காக அவர் எழுதிக் கொடுத்த வாசகம் அது. வாய்த்தகராறு முற்றியது, கைகலப்பு ஏற்பட்டது, அடி விழுந்தது. எந்த மனுவிலும் யாரும் யாரையும் அடித்ததில்லை.

அந்த வரியை அடித்தார். கீழே ஒரே ஒரு சொல் எழுதினார். அம்மை காத்திருந்தார்.

"அடித்தேன்," என்றார் கயிலாசம்.

அம்மை மேலே எதுவும் கேட்கவில்லை. கயிலாசமே மறுபடி குனிந்தார். கண்ணீர் விழுந்து மை கலைந்ததைத் துடைக்காமல் எழுதிப் படித்தார்.

"எறும்பு மொய்க்கும்வரை அவரை அப்படியே விட்டுவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு யாருக்கும் தெரியாமல் துடைத்தேன்."

இதுவரை அம்மை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இப்போது நிமிர்ந்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கயிலாசத்துக்குத் துணிவில்லை.

"எழுந்திருங்கள்," என்றார் அம்மை.

இருவரும் பொன்னம்பலத்தின் அறைக்குப் போனார்கள். அம்மை அவருடைய கழுத்தையும் விலாவையும் பார்த்தார். தடித்துச் சிவந்திருந்த இடங்களில் எண்ணெய் தடவினார். இனிமேல் கஞ்சி தானே ஊட்டுவதாகவும், கயிலாசம் துணியும் பாயும் துவைத்தால் போதும் என்றும் சொன்னார். அதற்கப்புறம் நகர்ந்து கயிலாசத்துக்கு இடம்விட்டார்.

கயிலாசம் பாயருகே மண்டியிட்டார். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தார். நடந்து வந்த தூரத்துக்குள் நல்ல நல்ல வாக்கியங்கள்கூடத் தயாராகியிருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

"நேற்று உங்களை அடித்தேன். எறும்பு கடிக்க விட்டுவிட்டுப் போனேன். தப்பு பண்ணிவிட்டேன்."

பொன்னம்பலம் அவரைப் பார்த்தார். நல்ல கை பாயின் ஓரத்தைப் பற்றிக்கொண்டது. பிறகு மெல்ல, சிரமப்பட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று பகல் முழுவதும் கயிலாசம் ஆற்றில் துணி அலசினார். மத்தியானம் அம்மை கஞ்சி ஊட்டும்போது துவைத்த துணியோடு கதவோரம் நின்றார். பொன்னம்பலம் அம்மையின் கையில் வாங்கிக் குடித்தார். கதவுப்பக்கம் ஒரு தடவையும் திரும்பவில்லை.

விளக்கு வைத்த பிறகு கயிலாசம் நோட்டோடு அம்மையிடம் வந்தார். எரிப்பதைப் பற்றி இப்போது அவர் பேசவில்லை.

"உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன், அம்மா. இறங்கவில்லை. அவர் என்னை மன்னிக்கவும் இல்லை."

கயிலாசம் நோட்டைத் திறந்தார்.

"இன்றைக்கு நான் என்னத்தை எழுதுவது?"

"முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எழுதுங்கள்," என்றார் அம்மை.