செவலைக்குச் சோறு

அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருக்கு இன்னொருவர் மேல் சந்தேகம் வந்தால், சந்தேகப்பட்டவர்தான் மற்றவருக்குச் சோறு போட வேண்டும். சந்தேகம் தீரும்வரை போட வேண்டும். காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

வீரணன் மடத்துக்கு வந்தபோதே ஐம்பதைத் தாண்டியிருந்தார். மலைச்சாலைச் சோதனைச் சாவடியில் லாரிகளின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. அதிலும் வீரணனுக்குக் கொஞ்சநாள் சந்தேகம் இருந்தது.

ஒருநாள் காலையில் மடத்து வாசலில் ஒரு நாய் கட்டப்பட்டுக் கிடந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக் காவலாளி ஊரை விட்டுப் போகும்போது விட்டுவிட்டுப் போயிருந்தான். செவலை நிறம். வாய் மட்டும் கரி பூசியதுபோல் இருந்தது.

"கோம்பை நாய்," என்றார் வீரணன். "பன்றி வேட்டைக்குன்னே வளர்த்த இனம். ரத்தத்திலேயே கடி இருக்கும்."

மடத்தில் சமைக்கும் ஒச்சம்மாள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பவளம் அப்போதுதான் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கப் பழகியிருந்தது.

"சாமி, இது இங்க இருந்தா நான் இருக்க மாட்டேன்," என்றாள்.

"எங்க போவ, தாயி?" என்று கேட்டார் குரு.

போக்கிடம் இல்லாமல்தான் அவள் இங்கே வந்திருந்தாள்.

"நாயை அவுத்து விட்டுடலாம் சாமி," என்றார் வீரணன்.

"கோம்பைன்னு தெரிஞ்சா ஊருக்குள்ள அடிச்சே கொன்னுடுவாங்க. கொஞ்சநாள் பார்ப்போம். உங்களுக்குத்தான் சந்தேகம். அதனால சோறு நீங்க போடுங்க."

வீரணன் வழக்கத்தை மீறவில்லை. இரண்டு வேளையும் செவலைக்குச் சோறு வைத்தார். அதே நாட்களில் குரு பந்திக்கு வந்து, கரண்டியைத் தானே வாங்கி, வீரணனுக்குப் பரிமாறத் தொடங்கினார். மற்றவர்களுக்கு ஒச்சம்மாள்தான் போட்டாள். வீரணனுக்கு அது பெருமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சில வாரங்கள் கழித்து வீரணன் குருவிடம் வந்தார்.

"நான் சொன்னது சரியாப் போச்சு சாமி. உறுமுது."

"யாரைப் பார்த்து?"

"என்னைப் பார்த்து. சோறு போடுற கையையே உறுமுது."

"எல்லாரையுமா?"

"இல்ல. என்னை மட்டும்தான். நன்றி கெட்ட ஜென்மம்."

"எப்படிச் சோறு வைக்கிறீங்க?"

"பக்கத்துல போக முடியுமா? தட்டைத் தரையில வச்சு முருங்கை பறிக்கிற தொரட்டியால தள்ளுவேன். இன்னொரு கையில கம்பு இருக்கும். அது தின்னு முடிக்கிற வரைக்கும் ஓங்கினபடியே நிப்பேன்."

குரு தலையாட்டினார்.

"உங்களுக்கு யாரு சோறு போடுறா?"

"நீங்கதான் சாமி. உங்க பிரியம்..." என்று தொடங்கிய வீரணன் பாதியில் நிறுத்தினார்.

தோட்டத்தில் யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"என் மேல சந்தேகமா?"

"ஆமா."

"எப்ப இருந்து?"

"நீங்க தொரட்டியை எடுத்த அன்னைக்கிலேருந்து."

"நான் என்ன செஞ்சிடுவேன்னு சந்தேகம்?"

"கடிக்காத நாயைக் கடிக்க வச்சிடுவீங்களோன்னு."

வீரணனின் முகம் சிறுத்துப்போனது. "இத்தனை நாளும் எனக்குத் தெரியவே இல்லையே. நீங்க கையில ஒண்ணும் வச்சுக்கிட்டு வரலையே."

"கரண்டி வச்சிருந்தேன்."

வீரணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் தொரட்டியை முருங்கை மரத்தில் சாய்த்து வைத்தார். கம்பை அடுப்புக்குக் கொடுத்துவிட்டார். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். செவலை பின்வாங்கி, வழக்கமாகக் கம்பு இருக்கும் கையையே வெகுநேரம் பார்த்தது. அவரைப் போலவே அதற்கும் நம்பிக்கை வரவில்லை. அவர் போன பிறகுதான் தின்றது.

நாள் போகப் போக உறுமல் நின்றது. பிறகு வாலும் ஆடியது. ஒருநாள் அவர் விரலில் ஒட்டியிருந்த சோற்றை நக்கியது.

வீரணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சமையல் கட்டுக்குப் போய், பவளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"எங்கண்ணே தூக்கிட்டுப் போறீங்க?" என்றாள் ஒச்சம்மாள்.

"செவலைக்கிட்டதான். நீயும் வா. ஒண்ணும் செய்யாது. இனம் கினமெல்லாம் சும்மா பேச்சு. எல்லாம் நாம நடத்துறதுலதான் இருக்கு."

"அன்னைக்கு ரத்தத்துலேயே இருக்குன்னீங்க."

"அது அன்னைக்கு."

"நாளைக்கு என்ன சொல்வீங்கண்ணே?"

அவர் கேட்காததுபோல் நடந்தார். செவலை தட்டில் வாய் வைத்திருந்தது. அவர் குழந்தையை இறக்கிவிடக் குனிந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"பிள்ளையை இறக்காதீங்க."

குரு சத்தம் போடவில்லை. அருகில் வந்து பவளத்தை வாங்கி ஒச்சம்மாளிடம் கொடுத்தார். குழந்தை நாயைப் பார்த்துக் கை நீட்டியது. ஒச்சம்மாள் அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

குரு ஒரு பழைய சாக்கை எடுத்துவரச் சொன்னார். மடத்தில் முன்பே இருந்த தெருநாய் வெள்ளையனை முதலில் கூப்பிட்டார். சாக்கின் ஒரு முனையை அதன் வாயில் கொடுத்தார்.

"இழுங்க."

வீரணன் இழுத்தார். வெள்ளையன் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஒரு அதட்டல் போட்டதும் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

"இப்ப இதுக்கிட்ட."

செவலை சாக்கைக் கவ்வியது. விளையாட்டாகத்தான் கவ்வியது. வால் ஆடிக்கொண்டே இருந்தது. வீரணன் இழுத்தார். அதட்டினார். கெஞ்சினார். இரண்டு கையாலும் தூக்கினார். நாயின் முன்கால்கள் தரையை விட்டு எழும்பின. வாய் மட்டும் திறக்கவில்லை. சாக்கு கிழிந்தது. கிழிந்த பாதி நாயின் வாயிலேயே இருந்தது. வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

வீரணன் தன் கையில் மிஞ்சிய பாதியைப் பார்த்தார்.

"இதை யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார் குரு.

"யாரும் சொல்லிக்கொடுக்கல சாமி."

"இப்படிப் பிடிக்கிற நாயாப் பார்த்துப் பார்த்துத்தான் மனுஷன் குட்டி எடுத்தான். விடுற நாயெல்லாம் அவனுக்கு வேண்டியிருக்கல."

"அப்ப நான் முதல்ல சொன்னதுதானே சரி?"

"பாதி."

"இப்ப சொன்னது?"

"அதுவும் பாதி."

வீரணன் திண்டாடினார். செவலை சாக்குத் துண்டைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டது. மறுபடி இழுக்கச் சொல்லி அவர் முகத்தைப் பார்த்தது. அவர் ஒரு அடி பின்னால் போனார். போனதை ஒச்சம்மாள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அங்கேயே நின்றுகொண்டார்.

"சாமி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. இது ஆபத்தான நாயா, இல்லையா?"

"வெள்ளையன்கிட்ட நீங்க ஒருநாள் அசந்து போகலாம். அது கடிச்சா தையல் போட்டுக்கலாம். இதுக்கிட்ட ஒருநாள்கூட அசர முடியாது. பிள்ளை வெளியில இருந்தா நாய் கட்டுல இருக்கணும். நாய் அவுந்திருந்தா பிள்ளை உள்ள இருக்கணும். காய்ச்சலா இருந்தாலும் நீங்க எந்திரிச்சு வந்து பார்க்கணும். அது எத்தனை சாதுவானாலும் பார்க்கணும்."

"எத்தனை காலத்துக்கு?"

"அது உயிரோட இருக்கிற வரைக்கும்."

ஒச்சம்மாள் இப்போது குருவைப் பார்க்கவில்லை. வீரணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனைச் சாவடியில் அவர் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறார். தன்னை ஒருவர் அப்படிப் பார்ப்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

"அண்ணே, உங்களால முடியுமா?" என்றாள் அவள். "முடியும்னா நான் இருக்கேன்."

வீரணன் வாயைத் திறந்தார். முடியும் என்று சொல்லத்தான் திறந்தார். குருவின் பக்கம் திரும்பினார்.

"முடியலைன்னா சாமி?"

"இப்பவே சொல்லிடுங்க. முடியிற ஆளாப் பார்த்து இதை அனுப்பிவைப்போம். நாய் மேல பழி போடாம."